மெலிவும் பருமனும்: மைசூர்ப் பள்ளிக் குழந்தைகளின் உடல்நிலை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொடக்கப்பள்ளியில் தமிழ்க் குழந்தை முதலில் கற்கும் நூல்களுள் ஒன்று ஔவையாரின் ஆத்திசூடி. அளவை மீறி உண்பதில் நாட்டம் கூடாது என்னும் அறிவுரை அதனுள் இடம்பெற்றுள்ளது. அவ்வகுப்பிலேயே பயிலப்பெறும் பாரதியாரின் ‘பாப்பா பாட்டு’ குழந்தையை விளையாட்டுக்கு அழைத்துத் தொடங்குகிறது. உணவின் அளவு, உடலின் உழைப்பு ஆகிய இரண்டும் குழந்தைக் கல்வியின் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் மருந்துப் பொருள்களைப் பட்டியலிடாமல் உண்ணும் முறையையே பெரிதும் பேசுகிறது. மிகினும் குறையினும் நோய் என்பது அவ்வதிகாரத்தின் அடிப்படைக் கருத்தாகும்.

எனினும், இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த ஊட்டச்சத்து அறிவியலும் அரசின் திட்டங்களும் இந்திய மாணாக்கரின் உடலை ஒரு திசையிலிருந்தே நோக்கின. ‘எடை எவ்வளவு குறைகிறது?’ என்பதே அவை எழுப்பிய வினா. பசி பரவியிருந்த காலத்தில் அவ்வினா நேரியதே. ஆனால், அந்த ஒற்றை வினாவோடு அமைந்த அளவுகோல் பின்னர் உருவான உடற்பருமன் சிக்கலைக் காணத் தவறியது. உடற்பருமன் பசிக்கு எதிரானதன்று. பல நிலைகளில் பசியின் தொடர்ச்சியே என்பதை மைசூர் நகரின் வரலாற்றுவழி நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

மைசூர் நகரம் (2014 நவம்பர் முதல் மைசூரு) ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுவதற்கு மூன்று காரணங்கள் உள. அரண்மனை ஆதரவில் உடற்பயிற்சி மரபு தழைத்த நகரம் அது. இந்திய உணவு அறிவியலின் தலைமை நிறுவனங்களுள் ஒன்று அமைந்த நகரமும் அதுவே. மேலும், 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்துவைத்த மருத்துவமனை ஒன்றும் அங்கு உள்ளது. உணவு, உடற்பயிற்சி, எடை ஆகிய மூன்றின் வரலாற்றையும் ஒரே நகரில் காணும் வாய்ப்பு அரியதாகும்.

‘கொழு’ என்னும் சொல்

பருமன் பற்றிய சமுதாய மதிப்பீட்டை மொழி தெளிவாகக் காட்டுகிறது. தமிழில் ‘கொழு’ என்னும் அடி செழிப்பையும் வளத்தையும் குறித்தது. செல்வம் மிக்க குடி ‘கொழுங்குடி’ எனப்பட்டது. இளந்தளிர் ‘கொழுந்து’ எனப்பட்டது. இன்றும் தாய்மார் தம் குழந்தையைக் ‘கொழுகொழு’ என வருணிப்பதில் பெருமிதமே தொனிக்கிறது. இதே அடியிலிருந்து தோன்றிய ‘கொழுப்பு’ என்னும் சொல் பேச்சு வழக்கில் செருக்கையும் சுட்டுகிறது. உண்டு நிறைந்தவனே செருக்குக் கொள்ள முடியும் என்னும் கருத்து அச்சொல்லில் பொதிந்துள்ளது. ஆகவே, பெரும்பான்மையோர் அரைவயிற்றோடு வாழ்ந்த சமுதாயத்தில் சதைப்பற்று என்பது வளத்தின் அடையாளமாகவும் சிலருக்கே உரிய உடைமையாகவும் கருதப்பட்டது எனலாம்.

‘உடற்பருமன்’ என்பது இக்காலத்தில் நோய்க்குறியாக நிலைபெற்ற மருத்துவக் கலைச்சொல். ‘கொழுகொழு’ வீட்டுக்குரியது, ‘உடற்பருமன்’ மருத்துவமனைக்குரியது. ஒரே குழந்தையின் உடலை இவ்விரு சொற்களும் முரண்பட்ட மதிப்போடு சுட்டுகின்றன. மருத்துவர் நோய் எனக் கூறுவதைப் பாட்டியர் ‘கண்ணேறு’ என்று விலக்குவதற்கு இம்முரணே காரணமாகும்.

எடையால் அளக்கப்பட்ட உணவு

தென்னிந்தியரின் உணவை எடையோடு பொருத்திப் பார்த்த ஆய்வுகளில் முதன்மையானவை குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நிகழ்த்தியவை. இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை அவர் வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்கு அளித்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்டவற்றின் சராசரி எடை 235 கிராம். பத்தாணியர் உணவு 230. மராத்தியர் உணவு 225. கூர்க்கர் உணவு 200. கன்னடர் உணவு 185. வங்காளியர் உணவு 180. சென்னை மாகாணத்தார் உணவு 155. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பால், பருப்பு, காய்கறி ஆகியவற்றைக் குறைவாகவும் கொண்ட உணவின் குறைபாட்டை இவ்வெண்கள் உணர்த்தின. மைசூர்ச் சீமையின் உணவு சென்னையின் உணவைவிடச் சற்றே மேம்பட்டு நின்றது.

மெக்காரிசன் எடையை மட்டும் கருதவில்லை; எலிகளுக்கு உற்ற நோய்களையும் ஆராய்ந்தார். ஆனால் பரவலாக நினைவில் நின்றவை இவ்வெண்களே. எடை மிகுந்தால் உணவு சிறந்தது, உடலும் சிறந்தது என்னும் எளிய சூத்திரம் அவற்றிலிருந்து பெறப்பட்டது. 1920களில் இந்திய நகரங்களில் நடைபெற்ற குழந்தைநல வாரங்களும் அவற்றையொட்டிய குழந்தைக் காட்சிகளும் இக்கருத்தை மக்களிடம் கொண்டு சென்றன. நன்கு சதைப்பிடித்த குழந்தை பரிசுக்குரியதாயிற்று. பிற்காலத்தில் புட்டிப்பால் மாவு விளம்பரங்களில் இடம்பெற்ற குழந்தை உருவமும் இதன் வழிவந்ததே.

மருத்துவ வகைப்பாடுகளும் இப்பார்வையையே உறுதிப்படுத்தின. மெக்சிகோ மருத்துவர் கோமெஸ் 1956 இல் வெளியிட்ட வகைப்பாடு, வயதுக்குரிய எடையில் ஒரு குழந்தை எத்தனை விழுக்காடு குறைந்துள்ளது என்பதைக் கொண்டு ஊட்டக்குறைவை மூன்று நிலைகளாகப் பிரித்தது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 1972 இல் வகுத்த முறை அதனை நான்கு நிலைகளாக்கியது. இவ்விரு வகைப்பாடுகளிலும் இறங்குபடிகள் உள. ஏறுபடி ஒன்றேனும் இல்லை. எடை மிகுந்த குழந்தை ‘இயல்பு’ என்னும் பிரிவுக்குள் அடங்கிவிடும். நோயாகப் பெயரிடப்படாத ஒன்று கணக்கெடுக்கப்படுவதில்லை என்பது வரலாற்று உண்மை.

அரண்மனையும் கரடிக்கூடமும்

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை மைசூரின் மரபு வளமானது. கன்னடத்தில் ‘கரடி மனை’ எனப்படும் மற்போர்ப் பயிற்சிக் கூடங்கள் நகரின் தெருக்களில் நிலைபெற்றிருந்தன. தமிழிலும் இத்தகைய இடம் ‘கரடிக்கூடம்’ எனப்பட்டது. செம்மண் பரப்பிய களத்தில் தண்டால், பஸ்கி, கதை சுழற்றல் ஆகியன பயிலப்பட்டன. தசரா விழாவின் மற்போர்ப் போட்டிகள் இப்பயிற்சிக்குப் பொதுமேடையாக அமைந்தன.

அரண்மனையில் யோகப் பயிற்சியும் போற்றப்பட்டது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பெயரில் தொகுக்கப்பட்ட ‘ஸ்ரீதத்துவநிதி’யில் 122 ஆசனங்கள் ஓவியங்களோடு இடம்பெற்றுள்ளன. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்திய தி. கிருஷ்ணமாச்சாரியார் ‘யோக மகரந்தம்’ என்னும் நூலை 1934 இல் கன்னடத்தில் வெளியிட்டார். அதன் தமிழ்ப் பதிப்பு 1938 இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. யோகசாலையில் பயின்றோருள் பெரும்பாலோர் சிறுவர்களாவர். துள்ளலும் தொடர் அசைவும் கொண்ட ஆசன வரிசைகள் அவ்விளம் உடல்களுக்கு ஏற்ப உருவானவை. யோக மரபை ஆராய்ந்த என். இ. சோமன் 1996 இல் வெளியிட்ட நூலில் இவ்வரிசைகளுக்கும் அரண்மனை உடற்பயிற்சிக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியுள்ளார்.

எனினும், இம்மரபின் எல்லையையும் சுட்டவேண்டும். கரடிக்கூடம் ஆண்களுக்குரியதாக இருந்தது. யோகசாலை பெரிதும் அரச குலத்துச் சிறுவருக்குரியதாக இருந்தது. தொடக்கப்பள்ளி மாணவியர் இவ்விரண்டுக்கும் வெளியே நின்றனர். ஒரு நகரம் உடற்பயிற்சிக்குப் புகழ்பெற்றிருத்தல் வேறு. அந்நகரின் குழந்தைகள் அனைவர்க்கும் உடற்பயிற்சி கிடைத்தல் வேறு. மைசூர் யோகம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஆயின் அது பிறந்த ஊரின் சாதாரணப் பள்ளிகளின் அன்றாட அட்டவணையில் உடலசைவுக்கு உரிய இடம் கிடைத்ததா என்பது தனி வினாவாகும்.

ஊட்டும் அறிவியல்

1950 அக்டோபரில் மைசூர்ச் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியபோதே தாவரப் புரதத்திலிருந்து பால் போன்ற உணவு ஆக்கும் ஆய்வில் ஈடுபட்டவர். நிலக்கடலை மாவையும் கடலைப்பருப்பு மாவையும் கலந்து உயிர்ச்சத்துகள் சேர்த்து உருவாக்கிய ‘பல்நோக்கு உணவு’ இந்நிறுவனத்தின் தொடக்ககாலச் சாதனைகளுள் ஒன்று. எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு ஆக்கும் முறையையும் இந்நிறுவனமே வகுத்தது. அயல்நாட்டுப் பால்மாவை நம்பியிருந்த நிலை இதனால் மாறத் தொடங்கியது. வறுமையின் மெலிவை அறிவியலால் போக்குதல் என்பதே அத்தலைமுறை ஆய்வாளரின் குறிக்கோளாக இருந்தது.

பள்ளி உணவின் வரலாறும் இக்குறிக்கோளோடு இணைந்தது. 1920 இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவளிப்பு, மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் அமைந்தது. 1956 இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982 ஜூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தன. ‘மதிய உணவு’ என்னும் பெயர் பொழுதைச் சுட்டியது. ‘சத்துணவு’ என்னும் பெயர் தரத்தைச் சுட்டியது. பெயர் மாற்றத்திலேயே கருத்து மாற்றம் புலப்படுகிறது.

கர்நாடகத்தில் சமைத்த உணவுத் திட்டம் ‘அட்சர தாசோகம்’ என்னும் பெயரில் 2002 இல் வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கி 2003 இல் மைசூர் உள்ளிட்ட எஞ்சிய மாவட்டங்களுக்கும் விரிந்தது. ‘தாசோகம்’ என்பது வீரசைவ மரபில் அடியார் அனைவர்க்கும் உணவளித்து உடனிருந்து உண்ணும் தொண்டைக் குறிக்கும். சமயச் சொல் ஒன்று கல்வித் திட்டத்தின் பெயரானமை இங்குக் கருதத்தக்கது. 2013 இல் பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் வழங்கும் ‘க்ஷீரபாக்கியம்’ தொடங்கியது. 2021 டிசம்பரில் வடபகுதி மாவட்டங்களில் தொடங்கிய முட்டை வழங்கல் 2022 இல் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது.

தேசியத் திட்டத்தின் 2006 ஆம் ஆண்டு விதிப்படி தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு 450 கிலோகலோரியும் 12 கிராம் புரதமும் கொண்ட உணவு அளிக்கப்படவேண்டும். இங்கும் குறிக்கப்பட்டிருப்பது கீழெல்லையே. பள்ளிக்கு வெளியே குழந்தை உண்ணும் பொட்டலத் தின்பண்டமும் சர்க்கரைப் பானமும் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

பிறப்பேடுகள் உணர்த்திய உண்மை

மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை மெதடிஸ்ட் திருச்சபையார் பெண்களுக்காக நிறுவியது. 1934 முதல் அங்குப் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியன ஏடுகளில் பதியப்பட்டன. மகப்பேற்றுச் செவிலியர் அன்றாடக் கடமையாக எழுதிய இப்பதிவுகள், அறுபது ஆண்டுகளுக்குப் பின் அறிவியல் ஆவணங்களாயின.

பிறப்பு எடைக்கும் பிற்கால இதயநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுசயர்ப் பதிவுகளைக் கொண்டு டேவிட் பார்க்கர் 1989 இல் வெளிப்படுத்தினார். அவர்தம் குழுவினருள் ஒருவரான கரோலின் ஃபால் மைசூர் ஏடுகளை ஆராய முற்பட்டார். 1934க்கும் 1954க்கும் இடையே அம்மருத்துவமனையில் பிறந்து அதன் அண்மையில் வாழ்ந்த 517 பேரைப் பற்றிய ஆய்வு 1996 இல் வெளிவந்தது. 2.5 கிலோவுக்கு மேற்படாத எடையோடு பிறந்தோரிடையே இதயநோய் நூற்றுக்குப் பதினொருவருக்கு இருந்தது. 3.1 கிலோவுக்கு மிகுந்த எடையோடு பிறந்தோரிடையே அது மூவராகக் குறைந்தது. கருவிலேயே பசித்த உடல், ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அப்பசியை மறக்கவில்லை என்பது இதனால் புலனாயிற்று.

1998 இல் வெளிவந்த நீரிழிவு பற்றிய ஆய்வு மற்றொரு கோணத்தைக் காட்டியது. மேலைநாடுகளில் எடை குறைந்து பிறந்தோருக்கே நீரிழிவு மிகுந்திருக்க, மைசூரிலோ நீளம் குறைந்தும் அதற்கேற்பப் பருத்தும் பிறந்தோரிடமும், எடை மிகுந்த தாய்மாரின் மக்களிடமும் அந்நோய் மிகுந்து காணப்பட்டது. மெலிவு, பருமன் இரண்டுமே ஊறு விளைவிக்கும் என்பது ஒரே மருத்துவமனையின் ஏடுகளிலிருந்து பெறப்பட்டது.

1997–98 இல் அதே மருத்துவமனையில் கருவுற்ற மகளிரைக் கொண்டு ‘பார்த்தினான்’ ஆய்வு தொடங்கியது. ஜி. வி. கிருஷ்ணவேணி உள்ளிட்டோர் அக்குழந்தைகளை ஆண்டுதோறும் தொடர்ந்து ஆராய்ந்தனர். இங்கிலாந்துக் குழந்தைகளைவிட இவர்கள் எடையிலும் நீளத்திலும் குறைந்து பிறந்தனர். ஆயினும் முதுகின் மேற்பகுதித் தோலடிக் கொழுப்பு அதே அளவில் குறையவில்லை. நான்கு வயதில் உயரத்திலும் எடையிலும் பின்தங்கியிருந்தபோதே அவ்விடத்துக் கொழுப்பில் இங்கிலாந்துக் குழந்தைகளை விஞ்சினர். கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் இக்கொழுப்பு மேலும் மிகுந்திருந்தது.

புனே நகர மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் இத்தகைய உடலமைப்பை ‘மெலிந்த–கொழுத்த’ உடல் எனப் பெயரிட்டார். இவ்விரு சொற்களையும் இணைத்தே கூறவேண்டியிருப்பது நம் வாதத்திற்கு வலுச் சேர்க்கிறது. ஒட்டிய கன்னமும் ஒல்லிய கையும் உடைய குழந்தையின் உடலில் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருக்கலாம். எடை பார்க்கும் கருவி இதனைக் காட்டுவதில்லை. தசையையும் கொழுப்பையும் அது வேறுபடுத்தி அறியாது.

அளவுகோலின் மாற்றம்

பெல்ஜிய அறிஞர் கெத்தலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த எடை–உயர விகிதத்திற்கு 1972 இல் அன்சல் கீஸ் ‘உடல்நிறை எண்’ எனப் பெயரிட்டார். குழந்தைகளுக்கான பன்னாட்டு வரம்புகள் 2000 இலும், ஐந்து முதல் பத்தொன்பது வயதினருக்கான உலக நல நிறுவன அளவைகள் 2007 இலும், இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் திருத்திய அளவைகள் 2015 இலும் வெளிவந்தன. இவ்வாறு மருத்துவ ஏணிக்கு ஏறுபடிகளும் அமைக்கப்பட்டன.

மைசூர் நகரப் பள்ளிகளில் ஐந்து முதல் பதினாறு வயதுக்குட்பட்ட 43,152 மாணாக்கரை அளந்த ஆய்வு 2010 இல் வெளிவந்தது. நூற்றுக்கு 3.4 பேர் உடற்பருமன் உடையோராகவும், 8.5 பேர் மிகையெடை உடையோராகவும் காணப்பட்டனர். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர். குறைவை மட்டுமே அளந்துவந்த பழைய அட்டவணைகளில் இக்குழந்தைகள் அனைவரும் ‘இயல்பு’ எனவே குறிக்கப்பட்டிருப்பர்.

நாடு தழுவிய நிலையை 2016–18 இல் நிகழ்ந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு காட்டுகிறது. ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுள் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர். 23 விழுக்காட்டினர் மெலிந்தோர். 4 விழுக்காட்டினரே மிகையெடை உடையோர். ஆனால் அதே வயதினருள் 34 விழுக்காட்டினர் குருதியில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்திருந்தது. எடைக்கருவி நால்வரைக் காட்ட, குருதிச் சோதனை முப்பத்து நால்வரைக் காட்டியது. மைசூர்ப் பிறப்பேடுகள் முன்னுணர்த்தியதே நாடளாவிய அளவில் உறுதிப்பட்டது எனலாம். யுனிசெஃப் 2025 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஐந்து முதல் பத்தொன்பது வயதினருள் உடற்பருமன் உடையோர் (9.4 விழுக்காடு) எடை குறைந்தோரை (9.2 விழுக்காடு) முதன்முறையாக விஞ்சினர்.

பள்ளி வாயிலும் விளையாட்டுத் திடலும்

2020 இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் வகுத்த விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்றலைத் தடுக்கின்றன. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என அதன் அட்டவணையில் விதிக்கிறது. ஐந்து முதல் பதினேழு வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என 2020 இல் உலக நல நிறுவனம் பரிந்துரைத்தது. விதிகளுக்குக் குறைவில்லை.

சிக்கல் விதிகளைப் பிரித்துப் பார்ப்பதில் உள்ளது. உடற்பருமன் வசதி படைத்தோரின் பள்ளிகளுக்குரிய சிக்கலாகவும், ஊட்டக்குறைவு அரசுப் பள்ளிகளுக்குரிய சிக்கலாகவும் கருதப்படுகின்றன. முன்னையதற்குத் திடலும் கட்டுப்பாடும், பின்னையதற்குச் சோறும் என மருந்துகளும் பிரிக்கப்படுகின்றன. மெலிந்த–கொழுத்த உடல் பற்றிய சான்றுகள் இப்பிரிவினையை மறுக்கின்றன. தசை குறைந்த குழந்தைக்குப் புரதமும் வேண்டும். அப்புரதம் தசையாவதற்கு ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். அரசுப் பள்ளியில் வழங்கப்படும் முட்டையும் பாலும் பசி தீர்க்கும் திட்டங்கள் மட்டுமல்ல. பிற்கால நீரிழிவையும் இதயநோயையும் தடுக்க உதவக்கூடியவையும் ஆகும். அவ்வாறே, அரசுப் பள்ளிக்குத் திடல் இல்லாமை என்பது விளையாட்டுக் குறை மட்டுமன்று. நலவாழ்வுக் குறையும் ஆகும்.

‘குழந்தைகள் மிகுதியாக உண்கின்றனர்’ என்னும் பொதுக்கூற்றைக் காட்டிப் பள்ளி உணவைச் சுருக்க எவரேனும் முற்படின், அது வரலாற்றை அறியாத செயலாகும். குறைக்கப்படவேண்டியது வாயிலில் விற்கும் பொட்டலமே அன்றி உள்ளே பரிமாறப்படும் உணவன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, குழந்தையின் உடலை எடைக் குறைவு என்னும் ஒரு கோணத்தில் மட்டும் நோக்கிய அளவுகோல்கள், உடற்பருமன் உருவானதை நெடுங்காலம் காணாமல் இருந்தன. இரண்டாவதாக, மைசூரின் உடற்பயிற்சி மரபு பெருமைக்குரியதாயினும் அது பொதுப்பள்ளி மரபாக விரியவில்லை. மூன்றாவதாக, மைசூர்ப் பிறப்பேடுகள் வழி மெலிவும் பருமனும் ஒரே வாழ்க்கையின் இரு பருவங்கள் என்பது தெளிவாகிறது.

1934 இல் குழந்தையைத் தராசில் இட்டு எடையைக் குறித்த செவிலியர், அப்பதிவு பிற்காலத்தில் எதற்குப் பயன்படும் என அறிந்திலர். இன்று பள்ளிகளில் எடுக்கப்படும் அளவுகளும் அத்தகையனவே. எடையோடு உயரத்தையும், உணவோடு விளையாட்டு நேரத்தையும் சேர்த்துப் பதிந்துவைத்தால் வருந்தலைமுறை ஆய்வாளர்க்கு அவை பயன்படும். மிகுதியும் குறைவும் ஒருங்கே நோய் என்னும் குறள் நெறியைத் தொடக்கப்பள்ளியில் பாடமாக வைத்திருக்கும் சமுதாயம், அப்பள்ளியின் உணவுக்கூடத்திலும் திடலிலும் அதனைக் கடைப்பிடித்தல் வேண்டும்.